சிவமலர் சொன்ன அறை

சிவமலருக்கு மொழிபெயர்ப்பு வேலை வந்தது ஒரே ஒரு சொல்லால். அப்போது அவள் லூயிஷாமில் ஒரு பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு மதியச் சாப்பாடு பரிமாறிக்கொண்டிருந்தாள். மகள் கௌசிக்குக் காதுவலி என்று ஆஸ்பத்திரிக்குப் போய்க் காத்திருந்த இடத்தில், திரைக்கு அந்தப் பக்கம் ஒரு யாழ்ப்பாணத்துப் பெண், "எனக்கு மூண்டு மாசமா வருத்தம்" என்று சொன்னது கேட்டது. மொழிபெயர்க்க வந்தவர் சென்னைக்காரர். மூன்று மாதமாக மனக்கவலை என்று ஆங்கிலத்தில் சொன்னார். டாக்டர் மனநலப் பிரிவுக்குக் கடிதம் எழுதத் தொடங்கிவிட்டார். சிவமலரால் இருக்க முடியவில்லை. திரையை விலக்கிக்கொண்டு போய், எங்கள் ஆட்களுக்கு வருத்தம் என்றால் நோய், இவவுக்கு எங்கே நோகிறது என்று முதலில் கேளுங்கள் என்றாள். ஸ்கான் எடுத்துப் பார்த்தால் பித்தப்பை நிறையக் கல்.

அதற்குப் பிறகு பத்தொன்பது வருடமாக அதுதான் அவள் தொழில். ஆஸ்பத்திரி, நகரசபைக் கவுன்சில், பெனிபிட் உதவிப்பண விசாரணை, அகதி வழக்கு. அந்தத் தொழிலில் இரண்டு விதிகள். சொன்னதைக் கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது. மற்றது, பேசுகிறவர் 'நான்' என்றால் மொழிபெயர்ப்பவரும் 'நான்' என்றே சொல்ல வேண்டும். அதனால் சிவமலர் ஆங்கிலத்தில் எத்தனையோ தடவை அடிவாங்கியிருக்கிறாள், படகு கவிழ்ந்து கடலில் கிடந்திருக்கிறாள், பெற்ற பிள்ளைகளை விட்டுவிட்டு வந்திருக்கிறாள். பின்னேரம் வீட்டுக்கு வந்து புட்டு அவிப்பாள். கணவர் ஸ்ரீஸ்கந்தராஜா முப்பது வருடம் பெற்றோல் நிலையத்தில் நின்று முழங்கால் தேய்ந்தவர். சத்திரசிகிச்சைக்குப் பிறகு முன்னறையில் சாய்மனைக் கதிரையில், ஒரு காலை ஸ்டூலில் நீட்டியபடி, வாசலைப் பார்த்துக்கொண்டு இருப்பார். அவள் பூட்டுக்குள் திறப்பை நுழைக்கும் சத்தம் கேட்டதும், இன்றைக்கு யாராய் இருந்துவிட்டு வருகிறீர் என்று கேட்பார். அது அவர்களுக்குள் பழைய பகிடி.

போன வருடம் மாசி மாதத்தில் மொழிபெயர்ப்பு ஏஜென்சி அவளுக்கு ஒரு புது வேலை கொடுத்தது. செவ்வாய்க்கிழமை காலைகள் மட்டும். கிளப்ஹாம் ஜங்ஷனுக்குப் பக்கத்தில், தரைவிரிப்பு விற்கும் கடைக்கு மேலே மூன்றாம் மாடி. கதவில் பெயர் இல்லை. உள்ளே போகுமுன் கைத்தொலைபேசியைப் பூட்டுப்பெட்டியில் போடவேண்டும். இங்கே கேட்டதை வெளியே சொல்ல மாட்டேன், சொன்னால் சிறை என்று ஐந்து பக்கத்தில் கையெழுத்து. ஹெலன் என்ற ஆராய்ச்சியாளர் விளங்கப்படுத்தினார். தூரத்தில் இருக்கும் ஒரு இடத்தை, அங்கே போகாமல், படமும் பார்க்காமல், மனத்தால் பார்த்துச் சொல்லக்கூடியவர்கள் இருக்கிறார்களா என்று சோதிக்கிறோம். இராணுவத்துக்காக. முன்பும் செய்து பார்த்துக் கைவிட்ட வேலைதான் என்று சொல்லும்போது ஹெலனுக்கே கொஞ்சம் வெட்கமாயிருந்தது போலப் பட்டது.

வீட்டில் கேட்டபோது, நித்திரை பற்றிய ஆராய்ச்சி என்று சொல்லிவைத்தாள்.

"நித்திரை கொள்ளுறதுக்கு என்னத்துக்கு மொழிபெயர்ப்பு?" என்றார் ஸ்ரீஸ்கந்தராஜா. "குறட்டையை இங்கிலீசிலை சொல்லவோ?"

பார்த்துச் சொல்பவர் எட்மண்டனிலிருந்து வரும் நகுலேஸ்வரி. அறுபத்திரண்டு வயது. ஆஸ்பத்திரிச் சலவைப் பகுதியில் இருபத்திரண்டு வருடம் துணி மடித்தவர். பக்கத்து வீட்டுக்காரியோடு இலவசமாய் உடம்பைச் சோதிக்கலாம் என்று ஒரு கல்லூரிக்குப் போனவரை, சும்மா ஒரு விளையாட்டு என்று, ஒட்டிய கடித உறைக்குள் என்ன படம் என்று சொல்லச் சொல்லியிருக்கிறார்கள். பன்னிரண்டில் பதினொன்று சரி. பிறகு இவர்கள் தேடி வந்துவிட்டார்கள். கண்ணை மூடிக்கொண்டு, மூச்சை அடக்கிக்கொண்டு என்றெல்லாம் அவரிடம் எதுவும் இல்லை. கையில் ஒரு துவாய்த் துண்டு வேண்டும். அதை மடிப்பார், விரிப்பார், திரும்ப மடிப்பார். மடிக்க மடிக்கச் சொல்வார். ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்பை எடுத்ததும் அதில் படுத்த ஆள் வீட்டுக்குப் போனதா, வேறெங்கும் போனதா என்று கைக்குத் தெரியும், அதுதான் பழக்கம் என்றார். ஹெலன் அதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்.

முறை இதுதான். ஹெலன் ஒரு எண்ணை வாசிப்பார். அந்த எண்ணுக்குரிய இடம் எது என்று அறையிலிருக்கும் ஒருவருக்கும் தெரியாது. நகுலேஸ்வரி நாலைந்து வசனம் சொல்லி நிறுத்துவார். சிவமலர் அதை ஆங்கிலத்தில் சொல்வாள். முதல் இரண்டு மாதமும் ஒரு நீச்சல் குளம், ஒரு துறைமுகம், கூரையில் மணிக்கூடு வைத்த ஒரு நூலகம். சரியா பிழையா என்று ஹெலன் சொல்வதில்லை. ஆனால் வாரத்துக்கு வாரம் ஹெலனின் முகத்திலிருந்த வெட்கம் குறைந்துகொண்டு போனது. வெட்கம் போன இடத்தில் என்ன வந்தது என்பதுதான் சிவமலருக்குப் பிடிக்கவில்லை.

சித்திரையில் நாலாவதாக ஒரு கதிரை போட்டார்கள். சாம்பல் நிறக் கம்பளிச் சட்டை போட்ட ஒரு மனிதர் அதில் வந்து உட்கார்ந்தார். பெயர் சொல்லவில்லை. வணக்கத்துக்குத் தலையை மட்டும் ஆட்டினார். நகுலேஸ்வரி அவருக்கு மௌனசாமி என்று பெயர் வைத்தார். மௌனசாமி வந்த நாளிலிருந்து கேள்விகள் மாறின. இப்போது எண்ணுக்குரிய இடம் எங்கே இருக்கிறது என்பதையே அவர்கள் தேடுகிறார்கள் போலப் பட்டது. நிறம், மணம், உணர்வு எல்லாம் போய், கதவு எந்தப் பக்கம், ஆட்கள் எத்தனை, எத்தனை மணிக்குக் கூட்டம் என்று கேட்டார்கள்.

ஆனி மாதத்தில் ஒரு செவ்வாய். துவாயின் முதல் மடிப்பிலேயே நகுலேஸ்வரி சொல்லத் தொடங்கினார்.

"பெரிய வளவு. உயர்ந்த மதில். முன்னுக்குப் பந்தல் போட்டிருக்கு. சனம் வந்து வந்து போகுது."

பந்தல் என்றதும் சிவமலருக்கு விளங்கிவிட்டது. அந்த வீட்டில் ஏதோ நல்லது நடக்கிறது, அல்லது கெட்டது நடந்திருக்கிறது. இரண்டில் எது என்றாலும் வாசலில் நிற்பவர்கள் அயலட்டைச் சனமும் சொந்தக்காரரும். ஆனால் அவ்வளவையும் ஒரு ஆங்கிலச் சொல்லுக்குள் போட அவளால் முடியவில்லை. நாக்கில் வந்தது கவுன்சில் கடிதத்துச் சொல். அனுமதியில்லாமல் வீட்டுக்குப் பின்னால் கொட்டில் போட்ட நம்முடைய ஆட்களுக்கெல்லாம் கவுன்சில் அனுப்பும் கடிதத்தை எத்தனை தரம் வாசித்துச் சொல்லியிருப்பாள். 'டெம்பரரி ஸ்ட்ரக்சர்' என்றாள். தற்காலிகக் கட்டமைப்பு, ஆட்கள் போய்வருகிறார்கள். மௌனசாமி அதை எழுதி இரண்டு முறை அடிக்கோடு போட்டார்.

அடுத்த செவ்வாய் அதே எண்ணைத் திரும்ப வாசித்தார்கள். நகுலேஸ்வரி துவாயைப் பாதி மடித்து, அப்படியே மடியில் வைத்துக்கொண்டார்.

"பந்தல் இல்லை. கறுப்பாய்க் கிடக்கு," என்றார். துவாயை மடியில் தடவியபடி, "செருப்புகள் கிடக்கு. கனக்கச் செருப்பு."

சிவமலர் அதை ஒரு சொல் கூடாமல் குறையாமல் சொன்னாள். மௌனசாமி எதையும் எழுதவில்லை. பேனையை மூடிச் சட்டைப்பையில் வைத்தார். அந்த ஒரு அசைவு அவளை அடுத்து வந்த நாட்கள் முழுவதும் விடவில்லை. வெங்காயம் வெட்டும்போதும் அது, வெள்ளிக்கிழமை சிவன் கோயிலில் நிற்கும்போதும் அது. கைத்தொலைபேசியில் செய்திகளைத் துழாவினாள். எங்கோ ஒரு நாட்டில் எரிந்த வளவு ஒன்றின் படம் வந்திருந்தது. அதுதான் இது என்று சொல்ல ஒரு சாட்சியும் இல்லை. உலகத்தில் எரிந்த வளவுகளுக்குக் குறைவா? அதை மூடிவைத்துவிட்டு, மறுபடியும் திறந்து செருப்பு ஏதும் தெரிகிறதா என்று பெரிதாக்கிப் பார்த்தாள்.

அதற்கடுத்த செவ்வாய் ஹெலனைத் தனியே பிடித்து, நான் சொன்ன சொல் பிழை என்றாள். அது கல்யாணத்துக்கோ சாவுக்கோ போடுகிற நிழல், உள்ளே இருப்பவர்கள் விருந்தாட்கள். ஹெலன் நிலத்தைப் பார்த்தபடி கேட்டார். பதிவில் சேர்த்துவிடுகிறேன் என்றார். வேலையை விட்டுவிடவா என்று சிவமலர் நினைத்தாள். விட்டால் அந்தக் கதிரைக்கு வேறு யாரோ வருவார்கள். வருத்தத்தைக் கவலை என்று சொல்கிற ஒருவர் வருவார். அவருக்குப் பந்தல் என்றால் என்ன என்று யார் சொல்லிக்கொடுப்பது? தானே சொல்லி இப்படி ஆனதே என்பதையும் அவள் மறக்கவில்லை. இரண்டுக்கும் நடுவில் அகப்பட்டு அங்கேயே இருந்தாள்.

உள்ளே நடந்ததைப் பற்றி இருவரும் கதைக்கக்கூடாது என்பது விதி. அன்று படியிறங்கும்போது நகுலேஸ்வரி அதை மீறினார். "பிள்ளை, நான் பாத்ததைச் சொன்னன். நீர் கேட்டதைச் சொன்னீர். அப்ப செய்தது ஆர்?" என்றார். கீழே கடையில் யாரோ ஒரு தரைவிரிப்பை விரித்துக் காட்டிக்கொண்டிருந்தார்கள்.

ஆடி பிறந்த பிறகு வந்த செவ்வாய் அன்று புது எண். நகுலேஸ்வரி வழமைபோலத் தயங்கவில்லை. துவாயை மளமளவென்று மடித்தார்.

"சின்ன முன்னறை. யன்னலிலை நெய்த் தகரத்துக்குள்ளை கறிவேப்பிலைக் கண்டு. சுவரிலை கோயில் கலண்டர், போன மாசத் தாள் இன்னும் கிழிக்கேல்லை. ரிவிக்கு மேலை பிள்ளையின்ரை பட்டமளிப்புப் படம். மனுசன் வாசலைப் பாத்தபடி இருக்குது."

சொல்லி நிறுத்தினார். இனிச் சிவமலரின் முறை.

நெய்த் தகரம், கறிவேப்பிலை, கிழிக்காத கலண்டர். அந்தத் தாளைக் கிழிக்கவேண்டும் என்று காலையில்தான் நினைத்துவிட்டு வந்தாள். எல்லாவற்றுக்கும் மேலே அந்த 'மனுசன்'. ஒரு மனுசன் என்றால் யாரோ ஒருவன். வெறுமனே மனுசன் என்றால் நம்முடைய பெண்களுக்கு அது கணவன். காலை நீட்டிக்கொண்டு, வாசலைப் பார்த்தபடி, தன் திறப்புச் சத்தத்துக்குக் காத்திருக்கிற மனுசன். அவருக்கு அவசரத்துக்கு எழும்பி ஓடக்கூட ஏலாது.

ஹெலன் அவளைப் பார்த்தார். மௌனசாமியின் பேனை தாளின்மேல் நின்றது.

பத்தொன்பது வருடத்தில் முதல்தடவையாக, சிவமலர் கேளாததைச் சொன்னாள். சின்ன அறை என்று உண்மையில் தொடங்கினாள். பிறகு வாய் தன்பாட்டில் போனது. யன்னலில் வெள்ளை பிளைண்ட். நீல சோபா. மூலையில் உடற்பயிற்சி சைக்கிள், அதன்மேல் துணி காய்கிறது. ஆள் யாரும் இல்லை. யன்னலுக்குக் கீழே தண்டவாளம். கட்டியெழுப்பிய பொய் இவ்வளவு இலேசாய் வருமா என்று அவளுக்கே ஆச்சரியம். 'நீல சோபா' என்றபோது நகுலேஸ்வரி துவாயிலிருந்து தலையை நிமிர்த்தினார். லண்டனில் முப்பது வருடம் இருந்தவருக்கு அந்தளவு ஆங்கிலம் விளங்கும்.

மௌனசாமி அன்றைக்கு மிகவும் சந்தோஷப்பட்டவர்போல இருந்தார். இதுவரை இவ்வளவு துல்லியமாய் வந்ததில்லை. வீதியிலிருந்து எத்தனை படி என்று கேட்டார். சிவமலர் அதைத் தமிழில் கேட்டாள். நகுலேஸ்வரி அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே, "படி ஒண்டும் இல்லை. நிலவீடு," என்றார். சிவமலர், பதினாலு என்று ஆங்கிலத்தில் சொன்னாள். தண்டவாளத்தில் எந்த மாதிரி ரயில் என்று கேட்டார். "நான் ரெயில் எண்டு வாயே திறக்கேல்லை," என்றார் நகுலேஸ்வரி. டிராம், பச்சை நிறம், என்றாள் சிவமலர். அறையில் இருப்பவர் எழும்பி நடக்கக்கூடியவரா என்று ஹெலன் கேட்கத் தொடங்கி, ஆள் இல்லை என்று சொன்னது நினைவு வந்து நிறுத்திக்கொண்டார். நகுலேஸ்வரிக்கு அந்தக் கேள்வியும் விளங்கியிருந்தது.

"மனுசன் இனி எழும்பாது," என்றார்.

சிவமலர் அதை மொழிபெயர்க்கவில்லை.

கிளப்ஹாம் ஜங்ஷனில் ரயிலுக்கு நிற்கும்போது நகுலேஸ்வரி அவளுக்குப் பக்கத்தில் வந்து இருந்தார். பையிலிருந்து ஒரு வடையைப் பிட்டு நீட்டினார். சிவமலர் வாங்கிக் கையிலேயே வைத்திருந்தாள்.

"பிள்ளை, நான் சோபா எண்டு சொல்லேல்லையே."

"அக்கா, அது என்ரை வீடு. என்ரை மனுசன். கால் ஏலாமல் கதிரையிலை இருக்கிறார். அதை எப்பிடி நான் அவங்களுக்குச் சொல்லுறது?"

நகுலேஸ்வரி வடை தின்பதை நிறுத்தினார்.

"உம்மடை வீடோ? விசர்க் கதை. அது எட்மண்டன். என்ரை வீடு."

"அப்ப மனுசன்?"

"படம். எட்டு வருசமா மாலையோடை சுவரிலை இருக்குது. எழும்புமே?"

பிறகு மெதுவாகச் சொன்னார். இன்றைக்கு அவர் எதையும் பார்க்கவில்லை. செருப்புகளுக்குப் பிறகு இனிப் பார்ப்பதில்லை என்று முடிவெடுத்துத்தான் வந்திருக்கிறார். நிற்பாட்டினால் விடமாட்டார்கள், வேறு யாருடைய வீட்டையாவது சொன்னால் பழி அங்கே போய் விழும். அதனால் தன் வீட்டையே சொல்லிவிட்டார். "வந்தால் வரட்டும். ஒரு தேத்தண்ணி குடுத்துக் கேப்பன், என்ன தேடி வந்தனியள் எண்டு."

சிவமலருக்குச் சிரிப்பு வந்திருக்கவேண்டும். லூயிஷாமிலும் எட்மண்டனிலும் விம்பிள்டனிலும் நம்முடைய ஆட்களின் முன்னறை எல்லாம் ஒரே அச்சில் வார்த்தது. எந்த வீட்டில் நெய்த் தகரத்துக் கறிவேப்பிலை இல்லை? எந்த வீட்டில் தொலைக்காட்சிக்கு மேலே பட்டமளிப்புப் படம் இல்லை? அதைத் தன் வீடு என்று பயந்தது அவளுடைய மடத்தனம்.

"அது கிடக்கட்டும்," என்றார் நகுலேஸ்வரி. "நீர் சொன்ன வீடு ஆரின்ரை?"

"ஒருத்தரின்ரையும் இல்லை. சும்மா கட்டிச் சொன்னது."

"பச்சை டிராமும் பதினாலு படியும் சும்மா வராது, பிள்ளை."

ரயில் வந்தது. நகுலேஸ்வரி ஏறவேண்டிய ரயில். அவர் ஏறிப் போனபிறகும் சிவமலர் எழும்பவில்லை. வடை கையில் குளிர்ந்துபோயிருந்தது. நீல சோபாவை அவளே கடையில் நின்று தெரிவு செய்தாள், கறை தெரியாத நிறம் என்று. சைக்கிளில் துணி காயப்போடாதே என்று போன ஞாயிறும் ஏசினாள். படியை எண்ணியது, முழங்கால் ஏலாத மனுசன் இந்த வீட்டுக்கு எப்படி ஏறுவார் என்று மகளோடு வாதிட்டபோது. அவள் லூயிஷாமுக்குப் போகும் மேடைக்குப் போகாமல், விம்பிள்டன் ரயில் நிற்கும் மேடைக்குப் படியேறினாள்.

கௌசிக்கு இருபத்தெட்டு வயது. ஒரு காப்புறுதிக் கம்பனியில் வேலை, செவ்வாய்க்கிழமைகளில் வீட்டிலிருந்து. தாய் சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றதும், அப்பாவுக்கு ஏதுமோ என்று கேட்டாள். அப்பா சுகமாய் இருக்கிறார் என்றாள் சிவமலர். வரும்போது படியை எண்ணிக்கொண்டே ஏறியிருந்தாள். தான் பிழையாய் நினைத்திருக்கலாம், பதின்மூன்றாகவோ பதினைந்தாகவோ இருக்கலாம் என்று. பதினாலுதான்.

கொஞ்ச நாளைக்கு எங்களோடு வந்து இரன் என்று கேட்டாள். ஏன் என்று கௌசி கேட்டாள். அதற்குப் பதில் சொல்லவிடாமல், அவள் கையெழுத்துப் போட்ட அந்த ஐந்து பக்கம் இருந்தது. அதை மீறிச் சொன்னாலும், கௌசி முதலில் செய்வது தாயை டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போவது. அங்கே ஒரு மொழிபெயர்ப்பாளர் இருப்பார்.

சிவமலர் பையைக் கீழே வைத்தாள். சேலை முந்தானையை இடுப்பில் செருகினாள். சைக்கிளில் காய்ந்த துணியை எடுத்து மடித்தாள். சைக்கிளை இழுத்துக்கொண்டு போய்க் குளியலறைக்குள் விட்டாள்.

"அம்மா, வாட் ஆர் யூ டூயிங்?"

அறை வசதியில்லை, மாற்றி வைத்தால் காற்று வரும் என்றாள். கௌசி முதலில் சிரித்தாள். கணினியில் யாரோ அவளைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ஒலியை நிறுத்திவிட்டு, சோபாவின் மறுமுனையைப் பிடித்துக் கொடுத்தாள், தாயின் இடுப்பு பிடித்துவிடும் என்று. சோபா சமையல் பக்கச் சுவருக்குப் போனது. அலுமாரியிலிருந்து மண்ணிறப் படுக்கை விரிப்பை எடுத்து, நீலத்தில் ஒரு விரல் அகலமும் தெரியாமல் சிவமலர் போர்த்தினாள். ஓரங்களைச் செருகும்போது நகுலேஸ்வரியின் கைகள் நினைவு வந்தன. அடுத்த செவ்வாய் அதே எண்ணை வாசிப்பார்கள். அந்த எண்ணுக்குரிய இடம் எது என்று அவளுக்குத் தெரியாது. மௌனசாமிக்கு இப்போது ஒன்று தெரியும்: நீல சோபா, பதினாலு படி, பச்சை டிராம். அவர் அதைத் தேடிக்கொண்டிருப்பார். லண்டனில் பச்சை டிராம் ஓடுகிற தண்டவாளம் எத்தனை இருக்கிறது?

கதிரையில் ஏறி வெள்ளை பிளைண்டைக் கழற்றினாள். கௌசிக்கு இப்போது கோபம். வெயில் நேரே கணினியில் அடிக்கிறது, இது என்னுடைய வீடு, எனக்கு மூன்று மணிக்கு மீட்டிங் என்றாள். சிவமலர் பிளைண்டைச் சுருட்டிக் கட்டிலுக்குக் கீழே தள்ளினாள். தன் சால்வையை யன்னலில் கட்டிப் பார்த்தாள். அது பாதிக்குமேல் எட்டவில்லை.

எட்டாத பாதியில், கீழே, பச்சை டிராம் ஒன்று வளைவில் திரும்பி வந்தது. சுவர் இலேசாய் அதிர்ந்தது. அது போய் முடியும்வரை தாயும் மகளும் பேசாமல் நின்றார்கள். அந்த வீட்டில் அது பழக்கம், டிராம் போகும்போது கதையை நிறுத்திவைப்பது.

"எல்லாத்தையும் மாத்திப்போட்டீங்கள்," என்றாள் கௌசி, இடுப்பில் கையை வைத்துக்கொண்டு. "இனி யன்னலை என்ன செய்யப் போறீங்கள் அம்மா? அதையும் கழட்டிச் சமையலறைக்குக் கொண்டுபோவமே?"

சிவமலர் கதிரையை விட்டு இறங்கவில்லை. சால்வையின் நுனியைப் பிடித்தபடி, தண்டவாளத்துக்கு அந்தப் பக்கத்து வீதியில் நின்றிருந்த ஒவ்வொரு வண்டியாகப் பார்த்துக்கொண்டு நின்றாள்.